கிணற்றில் மிதக்கும் எண்ணெய் குறைந்தால் நிலத்தடி நீர் சுத்தமாகிறது என்று பொருளா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தொழிற்சாலை வளாகத்தில் பழைய பெட்ரோல், டீசல் தொட்டிகள் புதைந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி மூன்று கண்காணிப்புக் கிணறுகள். தொட்டியை ஒட்டிய கிணற்றில் வறண்ட மாதங்களில் 42 செ.மீ. எண்ணெய் மிதந்தது, மழைக்காலம் முடிந்து அளந்தபோது 3 செ.மீ.தான் இருந்தது. நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருப்பதாகச் சொல்லப்படும் இன்னொரு கிணற்றில், பெட்ரோலிலிருந்து நீரில் கரையும் பென்சீன் லிட்டருக்கு 860 மைக்ரோகிராமிலிருந்து 310-க்கு இறங்கியிருக்கிறது. "தானாகவே சுத்தமாகி வருகிறது, இன்னும் இரண்டு கிணறு போட்டு அறிக்கையை முடித்துவிடலாம்" என்று நிர்வாகம் சொல்கிறது. இரண்டு கிணறு போதுமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த எண்கள் நிலத்தில் நடப்பதைக் காட்டுகின்றனவா, கிணற்றுக்குள் நடப்பதை மட்டும் காட்டுகின்றனவா? இப்போது கையில் இருப்பதை வைத்துச் சுத்தமாகிறது என்றும் சொல்ல முடியாது, மோசமாகிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் இரண்டு எண்களும் நீர்மட்டம் உயர்ந்ததாலேயே இறங்கியிருக்க முடியும், எண்ணெய் ஒரு லிட்டர்கூடக் குறையாமல்.

கணக்குக்குள் போவதற்கு முன், தள்ளிப்போடக் கூடாத இரண்டு காரியங்கள். வளாகத்துக்குள்ளோ வேலிக்கு அப்பாலோ குடிக்க, சமைக்கப் பயன்படும் கிணறு இருந்தால் இந்த வாரமே அதிலிருந்து மாதிரி எடுத்து அனுப்புங்கள். முடிவு வரும்வரை மாற்றுக் குடிநீர் கொடுங்கள். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவின் வரம்பு 5. உங்களுடைய 'இறங்கிய' 310 என்பது முதல் அளவைப்போல் 31 மடங்கு. வாசனை இல்லை என்று யாரும் தைரியமாக இருக்க வேண்டாம். நீரில் பென்சீன் இருப்பது மூக்குக்குத் தெரிய லிட்டருக்குப் பல மில்லிகிராம் வேண்டும், அதாவது வரம்பைப்போல் பல நூறு மடங்கு. அடுத்தது ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கேபிள் குழிகளிலும் கழிவுநீர் ஆள்துளைகளிலும் தரைக்குக் கீழுள்ள அறைகளிலும் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். மண்ணில் எண்ணெய் சிதையும்போது மீத்தேனும் உண்டாகலாம். அது 5 முதல் 15 சதவீதம்வரை வெடிக்கும். களத்தில் பலரும் வைத்திருக்கும், புற ஊதா ஒளியால் ஆவியை அளக்கும் ஒளி அயனியாக்கக் கருவிக்கு மீத்தேன் தெரியவே தெரியாது. வெடிப்பு வரம்பையும் ஆக்சிஜனையும் சேர்த்துக் காட்டும் கருவி வேண்டும். ஆக்சிஜன் குறைந்த குழியில், வாயுவை எரித்து அளக்கும் வினையூக்கி வகை உணரி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்போது 42 செ.மீ. எப்படி 3 செ.மீ. ஆனது என்று பார்ப்போம். எண்ணெய் நிலத்தடி நீரின்மேல் ஒரு தனி அடுக்காக, மண்ணின் இடைவெளிகளை முழுவதும் நிரப்பிக்கொண்டு நிற்பதில்லை. மண்ணின் ஒரே இடைவெளியில் நீரும் எண்ணெயும் காற்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். நீர்மட்டம் இறங்கும்போது, அதுவரை நீருக்குள் அகப்பட்டிருந்த எண்ணெய் மெல்ல வடிந்து கீழே சேரும். கிணறு திறந்த இடம் என்பதால் அங்கே அது கூடும், தடிமன் ஏறும். நீர்மட்டம் உயரும்போது எண்ணெய் நீருக்கு அடியில் சிறு சிறு துளிகளாகத் துண்டிக்கப்பட்டு நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும்; கிணற்றில் தடிமன் குறையும். மேல்தளம் திறந்திருக்கும் நீர்த்தாங்கியில் (நிலத்தடி நீர் நிற்கும் மண்ணடுக்கில்) இது திரும்பத் திரும்ப நடக்கும் நிகழ்வு, இதில் கருத்து வேறுபாடு இல்லை. மேலே களிமண்ணும் கீழே மணலுமாக இருந்து எண்ணெய் அந்தக் களிமண்ணின் அடியில் அழுத்தத்தோடு நின்றால் நேர் எதிராக நடக்கும்: நீர் அழுத்தம் கூடக்கூடக் கிணற்றில் எண்ணெய்த் தடிமன் கூடும். உங்கள் இடம் எந்த வகை என்பதைத் துளையிட்டபோது எழுதிய மண்ணடுக்குப் பதிவும், தேதிவாரியாக எண்ணெயின் மேல்மட்டம், எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டம் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்ப்பதும் சொல்லிவிடும். கிணற்றுத் தடிமனை நான்கால் வகுத்தால் மண்ணிலுள்ள தடிமன் கிடைக்கும் என்ற பழைய வழக்கம் இன்னும் அறிக்கைகளில் தலைகாட்டுகிறது. அதை நம்ப வேண்டாம். விகிதம் மண்ணின் நயத்தைப் பொறுத்தும் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் மிதக்கும் கிணற்றில் நீர்மட்டத்தைக் கணக்கிடுவதில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது, அதன் விளைவு பெரியது. எண்ணெய், நீர் இரண்டையும் பிரித்துக் காட்டும் இடைமட்ட அளவுகோலை இறக்கினால் இரண்டு ஆழங்கள் கிடைக்கும். உண்மையான நீர்மட்டம் இரண்டுமல்ல. எண்ணெயும் நீரும் சந்திக்கும் உயரத்தோடு, எண்ணெயின் தடிமனை அதன் ஒப்படர்த்தியால் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியால்) பெருக்கிக் கூட்ட வேண்டும். சந்திப்பு மட்டம் 93.10 மீ., எண்ணெய் 0.42 மீ., டீசலின் ஒப்படர்த்தி 0.84 என்றால் 93.10 + 0.35 = 93.45 மீ. திருத்தம் செய்யாமல் 93.10 என்றே எழுதிவிட்டால் 35 செ.மீ. தவறு. 50 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கிணறுகளுக்கிடையே சாய்வு 0.004 என்றால் மொத்த வேறுபாடே 20 செ.மீ.தான். அதாவது இந்த ஒரு பிழையே நீரோட்டத் திசையைப் புரட்டிப் போட்டுவிடும். கீழ்ப்பக்கம் என்று நினைத்துப் போட்ட கிணறு பக்கவாட்டிலோ மேல்பக்கத்திலோ இருக்கும். கீழ்ப்பக்கம் "இருப்பதாகச் சொல்லப்படும்" என்று நீங்களே எழுதியிருப்பதால், முதல் வேலையாகப் பழைய அளவீட்டுத் தாள்களை எடுத்து இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். ஒப்படர்த்தியை ஊகிக்காமல், கிணற்றிலிருந்து எடுத்த எண்ணெயில் அளந்து போடுவது நல்லது. பெட்ரோல் கலந்திருந்தால் அது 0.75-க்கு அருகே வரும்.

திசை காண மூன்று கிணறுகள் போதும், அவை ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக இருந்தால். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு கிணற்றுக் குழாயின் விளிம்பிலும் நிலையான ஒரு குறி இருக்க வேண்டும், எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும், அதன் உயரம் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் சர்வே செய்யப்பட்டிருக்க வேண்டும். எல்லா மூடிகளையும் முதலில் திறந்துவைத்து, குழாய்க்குள் அடைபட்ட காற்றழுத்தம் வெளியேறி மட்டம் நிலைத்த பிறகு, ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணிநேரத்தில் அளக்க வேண்டும். தொழிற்சாலையின் ஆழ்துளைக் கிணறு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்பதையும் தாளில் எழுதுங்கள். பம்ப் ஓடும்போது ஒரு திசையும் நிற்கும்போது வேறு திசையுமாக நீர் போகும் வளாகங்கள் அபூர்வமல்ல. பருவத்துக்குப் பருவமும் திசை சற்றுத் திரும்பும், ஆகவே ஓராண்டு அளவீடு இல்லாமல் ஒரே அம்புக்குறி வரைந்து முடித்துவிடக் கூடாது. வேகம் வேண்டுமென்றால் நீர்கடத்துதிறனை (மண் எவ்வளவு எளிதில் நீரை விடுகிறது என்ற அளவை) நீர்மட்டச் சாய்வால் பெருக்கிப் பயனுள்ள துளைவிகிதத்தால் (மண்ணில் நீர் ஓடக்கூடிய இடைவெளியின் பங்கால்) வகுக்க வேண்டும். மணலில் நாளுக்கு 5 மீ., சாய்வு 0.004, துளைவிகிதம் 0.25 என்றால் நாளுக்கு 8 செ.மீ., ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மீ. அதே சாய்வில் வண்டல் மண்ணாக இருந்து கடத்துதிறன் 0.05 மீ. ஆனால் ஆண்டுக்கு 30 செ.மீ.கூட வராது. சாய்வைச் சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கலாம், கடத்துதிறனோ பத்து மடங்கு இப்படி அப்படிப் போகும். அதனால் ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று ஒரே எண் தரும் அறிக்கையைவிட, எந்த எல்லைகளுக்குள் என்று தரும் அறிக்கை நேர்மையானது. ஒரு கிணற்றில் சட்டென்று நீரை எடுத்தோ ஒரு கட்டையை இறக்கியோ மட்டம் மீள்வதை அளக்கும் எளிய சோதனையை ஒவ்வொரு கிணற்றிலும் செய்தால் அந்த எல்லை குறுகும்.

கிணறுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். மிதக்கும் எண்ணெயைப் பிடிக்க வேண்டுமானால் துளையிட்ட சல்லடைக் குழாய், நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் குறுக்கே தாண்டி நிற்க வேண்டும். வழக்கமாக 3 மீ. நீளம் போதும், ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் கூட்டலாம். சல்லடையின் மேல்விளிம்பு நீருக்குள் மூழ்கிவிட்டால் எண்ணெய் உள்ளே வர வழியே இல்லை. மழைக்குப் பின் எண்ணெய் "காணாமல் போவதற்கு" இதுவும் ஒரு காரணம். உங்கள் 3 செ.மீ. அளந்த நாளில் நீர்மட்டம் சல்லடையின் உச்சிக்கு மேலே இருந்ததா என்பதை ஒரு கழித்தல் கணக்கில் பார்த்துவிடலாம். மற்றபடி 50 மி.மீ. பிவிசி குழாய், 0.25 அல்லது 0.5 மி.மீ. துவாரம், அதற்கேற்ற சலித்த மணல் நிரப்பு சல்லடைக்கு மேல் அரை மீட்டர்வரை, அதன்மேல் அரை மீட்டருக்குக் குறையாமல், நீரில் ஊதும் களிமண்ணான பென்டோனைட் அடைப்பு, பிறகு சிமென்ட்-பென்டோனைட் குழம்பு, மேலே பூட்டுள்ள மூடி. இணைப்புகள் மரை போட்டவையாக இருக்க வேண்டும். பிவிசி பசை தடவி ஒட்டியிருந்தால் அதிலுள்ள கரைப்பான்கள் மாதங்கணக்கில் நீரில் இறங்கி ஆய்வக முடிவில் தோன்றும். பென்டோனைட் அடைப்பு சரியில்லாத கிணற்றில் மழைநீர் குழாயோரமாக நேரே இறங்கி மாதிரியை நீர்க்கச் செய்யும். அப்படிப்பட்ட கிணறு மழைக்குப் பின் எப்போதும் நல்ல செய்தியே சொல்லும்.

பென்சீன் 860-லிருந்து 310-க்கு வந்ததற்கு வருவோம். சிதைவு காரணமாக இருக்கலாம். மழைநீர் இறங்கி நீர்த்ததும் காரணமாக இருக்கலாம். நீர்மட்டம் ஏறியதால் சல்லடையில் நனையும் நீளம் கூடி, மேலடுக்கின் மாசு நீரோடு கீழடுக்கின் சுத்த நீர் அதிகம் கலந்ததும் காரணமாகலாம். இவற்றைப் பிரிக்க முடியுமா என்பது மாதிரி எடுத்த விதத்தைப் பொறுத்தது. பெய்லரை (கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழாயை) வேகமாக இறக்கி ஏற்றினால் நீர் கலங்கும், காற்று கலக்கும், பென்சீன் பறக்கும். எண்ணெய்த் துளி ஒட்டிக்கொண்டால் எண் எதிர்ப்பக்கம் எகிறும். ஒரு முறை பெய்லரிலும் மறுமுறை பம்பிலும் எடுத்திருந்தால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே கூடாது. ஆவியாகும் சேர்மங்களுக்கு ஏற்றது குறைந்த வேகத்தில் இறைத்தல்: நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி., நீர்மட்டம் 10 செ.மீ.க்குமேல் இறங்காமல். ஓட்டக் கலத்தில் (இறைத்த நீர் உணரிகளைத் தொட்டு ஓடும் சிறு கலத்தில்) மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம், கலங்கல் ஆகியவற்றைப் படியுங்கள். தொடர்ந்து மூன்று முறை பி.எச். 0.1-க்குள், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள், மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டுக்குள், ஆக்சிஜனும் கலங்கலும் 10 சதவீதத்துக்குள் நின்றால் மாதிரி பிடிக்கலாம். ஓட்டக் கலத்தைக் கழற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதன் வழியாக வந்த நீரைப் புட்டியில் பிடிப்பது பலரும் செய்யும் தவறு.

புட்டிகள் 40 மி.லி. கண்ணாடிக் குப்பிகள், ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்டவை, பி.எச். 2-க்குக் கீழே வர வேண்டும். விளிம்பில் நீர் குமிழாக நிற்கும்வரை நிரப்பி மூடிக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், 6 மி.மீ.க்குப் பெரிய காற்றுக்குமிழ் தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதியதில் எடுங்கள். சுண்ணாம்பு மிகுந்த நீரில் அமிலம் பட்டதும் நுரைத்துப் பென்சீனைக் குமிழ்களோடு வெளியேற்றும். அங்கே அமிலமில்லாத குப்பியில் எடுத்து 14 நாளுக்குப் பதில் 7 நாளுக்குள் ஆய்வு செய்யச் சொல்ல வேண்டும். எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து 4 பாகை அளவில் கொண்டுபோங்கள். சுத்தமான கிணற்றில் தொடங்கி மாசு அதிகமான கிணற்றில் முடியுங்கள். ஜெனரேட்டரைக் காற்றின் கீழ்ப்பக்கம் தள்ளி வையுங்கள், அதற்கு எரிபொருள் ஊற்றிய கையுறையோடு குப்பியைத் தொடாதீர்கள். ஆய்வகத்திலிருந்தே நிரம்பி வந்து திறக்கப்படாமல் திரும்பும் பயண வெற்றுமாதிரி ஒன்று, பத்து மாதிரிக்கு ஒரு இரட்டை மாதிரி, கருவியைக் கழுவிய நீர் ஒன்று, இவை இல்லாத அறிக்கையில் எந்த எண்ணையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. இரட்டை மாதிரிகளே ஒன்றுக்கொன்று 30 சதவீதம் வேறுபடுவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால், அடுத்த முறை 310 என்பது 270 ஆனாலும் 350 ஆனாலும் அதில் செய்தி எதுவும் இல்லை. எண்ணெய் மிதக்கும் கிணற்றில் கரைந்த மாசுக்காக மாதிரி எடுப்பதில் பயன் மிகக் குறைவு. ஒரு சொட்டு கலந்தாலும் எண் பொய்யாகும். அங்கே எண்ணெயை எடுத்து ஆராய்வதுதான் அதிகம் சொல்லும்.

ஆய்வகத்திடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பது கசிந்தது எது என்பதைப் பொறுத்தது. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன்கள், நாப்தலீன் எப்போதும் வேண்டும். பெட்ரோல் என்றால் அதில் கலக்கப்படும் எம்டிபிஇ, எத்தனால். ஈயம் சேர்த்த காலத்துப் பெட்ரோல் என்ற ஐயம் இருந்தால் ஈயத்தோடு சேர்க்கப்பட்ட எத்திலீன் டைபுரோமைடையும் 1,2-டைகுளோரோஈத்தேனையும் தனியாகக் கேளுங்கள். முதலாவதற்கு அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம்தான், வழக்கமான பரிசோதனை அந்த ஆழத்துக்கு இறங்காது. மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவை ஒற்றை எண்ணாக வாங்காமல் கார்பன் எண்ணிக்கைவாரியாகப் பிரித்தும், சிலிகா ஜெல்லில் வடித்தும் வடிக்காமலும் இருமுறையும் கேளுங்கள். வடிக்காத எண்ணில் எண்ணெய் பாதி சிதைந்து உண்டான கரையும் சேர்மங்களும், மண்ணின் இயல்பான கரிமப் பொருளும் சேர்ந்திருக்கும். வடித்த எண்ணை மட்டும் காட்டி மாசு இல்லை என்று சொல்வதும் சரியல்ல, அந்தச் சிதைவுப் பொருள்களும் நீரில்தான் இருக்கின்றன.

860 என்ற எண் எனக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. தூய பென்சீன் லிட்டருக்கு ஏறத்தாழ 1,780 மில்லிகிராம் கரையும். பெட்ரோலில் அது மோல் அளவில் 1 சதவீதம் இருந்தால், அதைத் தொட்டு நிற்கும் நீரில் 18 மில்லிகிராம்வரை போகலாம். டீசலில் பென்சீன் மிகமிகக் குறைவு. தொட்டியிலிருந்து தள்ளியுள்ள கிணற்றிலேயே 860 மைக்ரோகிராம் என்றால் பெட்ரோல்தான் மூலம் என்று ஐயப்பட நியாயம் உண்டு. இது ஐயம்தான், முடிவல்ல; மிதக்கும் எண்ணெயின் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பாய்வு வரைபடம் அதைத் தீர்க்கும். பெட்ரோல் ஏறத்தாழ 4 முதல் 12 கார்பன் பகுதியிலும், டீசல் 10 முதல் 25 வரையிலும் மேடு காட்டும். அறிக்கையில் எண் மட்டும் போட்டு வரைபடத்தை விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். அதே வரைபடத்தில் 17 கார்பன் நேர்சங்கிலிக்கும் கிளைச்சங்கிலியான பிரிஸ்டேனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் நுண்ணுயிர்கள் எவ்வளவு தின்றிருக்கின்றன என்பது தெரியும். நேர்சங்கிலியை அவை முதலில் தின்னும். அதிலிருந்து கசிவு நேர்ந்த ஆண்டைக் கணக்கிட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். புதியதா, பழையதா என்று சொல்லலாம். ஆண்டு சொல்வது நிரூபணமாகாத வேலை.

கசிவு இப்போதும் நடக்கிறதா என்று யாரும் பார்த்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. அது தெரியாமல் கிணறு போடுவது அவசரம். தொட்டிக்கும் குழாய்களுக்கும் இறுக்கச் சோதனை செய்யுங்கள். அமெரிக்க விதிகளில் அந்தச் சோதனை மணிக்கு 0.1 கேலன், அதாவது 0.38 லிட்டர் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். நாளுக்கு அது 9 லிட்டர். இருப்புப் பேரேட்டைக் கொண்டு அவ்வளவு சிறிய கசிவைக் காண முடியாது. 10,000 லிட்டர் டீசல் 10 பாகை குளிர்ந்தாலே 83 லிட்டர்போலச் சுருங்கும், கசிவு அதற்குள் ஒளிந்துகொள்ளும். தொட்டியின் உடலைவிடக் குழாய் இணைப்புகள், நிரப்பும் வாய், விநியோக இயந்திரத்தின் அடிப்பகுதி ஆகியவைதாம் அதிகம் ஏமாற்றுகின்றன. எண்ணெய் பிரிக்கும் தொட்டியின் விரிசலையும் கழிவுநீர்க் குழாயின் பள்ளத்தையும் மறக்காதீர்கள். குழாய் புதைக்கத் தோண்டி மணல் நிரப்பிய பள்ளம், நீரோட்டத் திசையைக் கேட்காமல் எண்ணெயைத் தன் வழியே கூட்டிப்போகும்.

தானாகச் சுத்தமாகும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பென்சீன் உட்பட இந்தச் சேர்மங்களைச் சிதைக்கின்றன என்பது உறுதி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி அருகே 1979 ஆகஸ்ட் 20 அன்று குழாய் வெடித்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அந்த இடம் 1980-களிலிருந்து ஆராயப்படுகிறது. கரைந்த மாசு ஓரளவு தூரம் போய் வேகம் குறைந்ததும், அதே சிதைவினால் மண்ணின் இரும்பு கரைந்து அதோடு ஆர்செனிக்கும் வெளிவந்ததும் அங்கே பதிவாகியிருக்கின்றன. கலிபோர்னியாவில் எரிபொருள் தொட்டிக் கசிவுகளை வைத்து லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான பென்சீன் பரவல்கள் 80 மீட்டருக்குள்ளேயே நின்றிருந்தன. ஆனால் எம்டிபிஇக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அது நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, மெதுவாகச் சிதையும்.

உறுதியில்லாதது உங்கள் இடத்தில் இது எந்த வேகத்தில் நடக்கிறது என்பது. அதை அளக்கலாம். 1 மில்லிகிராம் பென்சீனை முழுவதும் எரிக்க ஏறத்தாழ 3.1 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நல்ல நிலத்தடி நீரிலேயே 8 மில்லிகிராம் இருந்தால் அதிகம். அது தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாக இறங்கி, கடைசியில் மீத்தேன் உண்டாக்கும். சல்பேட் என்றால் 1 மில்லிகிராம் பென்சீனுக்கு 4.6 மில்லிகிராம் செலவாகும். ஆகவே மேல்பக்கச் சுத்தக் கிணற்றிலும் மாசுக் கிணற்றிலும் ஒரே நாளில் ஆக்சிஜன், நைட்ரேட், கரைந்த இரும்பு, சல்பேட், மீத்தேன், காரத்தன்மை ஆறையும் அளந்து வேறுபாட்டைப் பாருங்கள். ஆக்சிஜனையும் இரும்பையும் களத்திலேயே அளக்க வேண்டும், புட்டியில் போகும் வழியில் அவை மாறிவிடும். மாசுக் கிணற்றில் சல்பேட்டும் நைட்ரேட்டும் தீர்ந்து, இரும்பும் மீத்தேனும் ஏறியிருந்தால் சிதைவு நடக்கிறது என்று எழுதலாம். பென்சீன் குறைந்து இவை மேல்பக்கக் கிணற்றைப் போலவே இருந்தால் அங்கே நடப்பது நீர்த்தல்தான். சிதைவு நடந்தாலும் மிதக்கும், சிக்கிய எண்ணெய் மூலமாக இருக்கும்வரை அது நீருக்குப் பென்சீன் கொடுத்துக்கொண்டே இருக்கும். 1 சதவீதம் பென்சீன் உள்ள ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் 7 கிராமுக்குமேல் பென்சீன் இருக்கிறது. 7 லட்சம் லிட்டர் நீரை 10 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோக அது போதும்.

போக்கு இறங்குகிறது என்று சொல்ல இரண்டு சுற்று எண்கள் போதாது. எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்க்கும் மான்-கெண்டால் புள்ளியியல் சோதனையில் நான்கு சுற்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே 95 சதவீத நம்பிக்கை கிடைக்கும். ஒன்று பிசகினாலும் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது எட்டுச் சுற்று, அதாவது இரண்டு முழு ஆண்டு, எடுத்தால்தான் பருவத்தின் ஏற்ற இறக்கம் விலகி நிஜப் போக்கு தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் பென்சீனை நீர்மட்டத்துக்கு எதிராகவும் ஒரு வரைபடம் போடுங்கள். நீர்மட்டம் மறுபடி இறங்கும் வறண்ட காலத்தில் பென்சீன் 860-க்கு அருகே திரும்பிவந்தால், நிர்வாகத்துக்குப் பதில் அந்த ஒரு தாளிலேயே இருக்கும்.

எண்ணெயை இறைத்து எடுப்பதில் பலன் உண்டா என்பதையும் அந்த வறண்ட காலத்தில்தான் சோதிக்க முடியும். கிணற்றில் 15 செ.மீ.க்காவது எண்ணெய் நிற்கும்போது அதை மட்டும் விரைவாக எடுத்துவிட்டு, எண்ணெய் மட்டமும் சந்திப்பு மட்டமும் மீள்வதை முதலில் நிமிடக் கணக்கிலும் பிறகு மணி, நாள் கணக்கிலும் அளந்தால் எண்ணெய்க் கடத்துதிறன் (மண்ணின் வழியே எண்ணெய் எவ்வளவு எளிதில் கிணற்றுக்கு வரும் என்ற அளவு) கிடைக்கும். நாளுக்கு ஏறத்தாழ 0.01 முதல் 0.07 சதுர மீட்டர் என்ற எல்லைக்குக் கீழே வந்தால் இறைப்பதால் பெரிய லாபம் இல்லை என்பது பரவலான நடைமுறை. 42 செ.மீ. என்ற தடிமனைப் பார்த்து மட்டும் பம்ப் வாங்கிவிடாதீர்கள். நயமான மண்ணில் தடித்து நிற்கும் எண்ணெய் ஒரு முறை எடுத்தபின் வாரக்கணக்கில் திரும்பாமலும் இருக்கும். எடுத்த எண்ணெயையும் கிணறு கழுவிய நீரையும் பீப்பாயில் அடைத்து எழுதிவைத்து முறைப்படி அகற்றுங்கள், தரையில் ஊற்ற வேண்டாம்.

இனி அந்த இரண்டு கிணறுகள். பழைய அளவீடுகளைத் திருத்தி, திசையை உறுதிசெய்து, கசிவைச் சோதித்தபின் போடுங்கள். எண்ணெய் எதுவரை பரவியிருக்கிறது என்று காண, கிணறு போடுவதைவிட லேசர் ஒளிர்வு உணரியை மண்ணுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை வேகமானது. ஒரே நாளில் பல இடங்களில் சென்டிமீட்டர்வாரியாகக் காட்டும். அது எண்ணெயைத்தான் காணும், நீரில் கரைந்த பென்சீனைக் காணாது. சுண்ணாம்பும் கரிமச் சேறும் பொய்யாக ஒளிரும் என்பதால் ஓரிரு இடத்தில் மண் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் தொட்டியைச் சுற்றி வரிசையாக மண் துளைகள் போட்டு, நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில் நெருக்கமாக மாதிரி எடுங்கள். எண்ணெய் நிற்கும் இடத்தின் ஊடாகக் களிமண்ணைத் துளைத்து ஆழ நீர்த்தாங்கிக்குள் போகக் கூடாது, உறைகுழாய் போட்டு மேலடுக்கை அடைக்காமல் போனால் மாசுக்கு நாமே வழி திறந்துவிட்டவர்களாவோம். எங்கே துளையிட்டாலும் முதல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டுங்கள், கேபிளும் குழாயும் வரைபடத்தில் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை.

இரண்டே கிணறுக்குத்தான் பணம் என்றால், ஒன்றை இப்போது 310 காட்டும் கிணற்றைத் தாண்டி, திருத்திய திசையில், ஓரிரு ஆண்டில் நீர் போகக்கூடிய தூரத்தில் வையுங்கள். வேலிக்கு வெளியே குடிநீர்க் கிணறு இருந்தால் அதற்கும் மாசுக்கும் நடுவே வருமாறு. மற்றதைத் தொட்டிக்கு மேல்பக்கம், மாசு எட்டாத இடத்தில் வையுங்கள், அது இல்லாமல் சல்பேட்டையும் ஆக்சிஜனையும் எதோடு ஒப்பிடுவது? கீழ்ப்பக்கப் புதிய கிணற்றில் தொடர்ந்து நான்கு சுற்று பென்சீன் தெரியாமல், பழைய கிணறுகளில் எட்டுச் சுற்றில் போக்கு இறங்கி, எண்ணெயின் எல்லையும் வரையப்பட்டிருந்தால் நிர்வாகத்தின் கூற்றை நானும் ஏற்பேன். புதிய கிணற்றில் வரம்பைத் தாண்டிப் பென்சீன் வந்தால் இரண்டு கிணறு போதவில்லை என்று பொருள். அப்போது மூன்றாவதை இன்னும் கீழே போடுவதோடு, மூலத்திலிருக்கும் எண்ணெயை எடுக்கும் வேலையையும் அதே மாதத்தில் தொடங்க வேண்டும்.